பூரிஷ் (ஆங்கிலச் சொல்)

பூரிஷ் என்பது ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு பெயரடை ஆகும். அருகில் இருப்பவர்களின் மனநிலையைச் சற்றும் எண்ணிப் பாராமல், முரட்டுத்தனமாகவும் கூச்சமின்றியும் நடந்துகொள்வதை இச்சொல் குறிக்கிறது. அவ்வாறு நடந்துகொள்ளும் ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல் பூர். அந்தத் தன்மையைக் குறிப்பது பூரிஷ்னெஸ், வினையடை பூரிஷ்லி. தமிழில் ‘பண்பற்ற’, ‘நாகரிகமற்ற’, ‘இங்கிதம் தெரியாத’, ‘மரியாதை கெட்ட’ என இடத்திற்கேற்பப் பொருள் கொள்ளலாம். வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. போன்ற போட்டித் தேர்வுகளின் ஆங்கிலப் பகுதிக்காக மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சொற்பட்டியல்களிலும் இது இடம்பெறுவதுண்டு. ஆனால் பட்டியலில் உள்ள ஒரு வரிப் பொருளைக் காட்டிலும் இச்சொல்லின் கதை நீண்டது. ‘உழவன்’ என்ற பொருளில் பிறந்த ஒரு சொல், எப்படி ‘பண்பில்லாதவன்’ என்ற பொருளில் வந்து நின்றது என்பதே அக்கதை.

பொருள்

எல்லா வகையான மரியாதைக் குறைவையும் பூரிஷ் என்று சொல்லிவிட முடியாது. கோபத்தில் ஒருவர் ஒருமுறை கடிந்து பேசிவிட்டால் அது வெறும் கடுஞ்சொல். பிறரை வேண்டுமென்றே புண்படுத்தும் நோக்கத்தோடு பேசினால் அது அவமதிப்பு. பூரிஷ் என்ற சொல்லின் மையத்தில் இருப்பது வேறொன்று: சுற்றியிருப்பவர்கள் ஒரு பொருட்டாகவே தோன்றாமல் போவது. துக்க வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் உரத்த குரலில் வியாபாரம் பேசுபவருக்கு அந்த வீட்டார் மீது எந்தப் பகையும் இல்லை. கல்யாணப் பந்தியில், சாப்பிடுபவர் மோர் சாதத்துக்கு வருவதற்கு முன்பே அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவரும் அப்படித்தான். இருவரும் யாரையும் திட்டவில்லை. ஆனாலும் இந்த நடத்தையைப் பூரிஷ் என்று ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்லலாம்.

ஆங்கிலச் செய்தித்தாள்களில் இச்சொல் அடிக்கடி வரும் இடங்களும் இதை ஒட்டியவையே. விமானப் பணிப்பெண்ணிடம் கத்தும் பயணி, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது உரக்கப் பேசும் பார்வையாளர், குடித்துவிட்டு எல்லைக்கோட்டருகே நிற்கும் ஆட்டக்காரரை ஏசும் கிரிக்கெட் ரசிகர், விருந்துக்கு அழைத்தவரின் சமையலை அவர் எதிரிலேயே குறைகூறும் விருந்தினர் ஆகியோரைப் பற்றி எழுதும்போது ‘பூரிஷ் பிஹேவியர்’ என்ற தொடர் எளிதாக வந்து விழும். ‘பூரிஷ் மேனர்ஸ்’, ‘எ பூரிஷ் ரிமார்க்’ ஆகியவையும் வழக்கமான தொடர்கள். பேச்சைக் காட்டிலும் எழுத்தில்தான் இச்சொல்லுக்கு ஆட்சி அதிகம். ஆங்கிலேயச் சிறுவன் ஒருவன் தன் நண்பனிடம் ‘நீ பூரிஷாக நடந்துகொள்கிறாய்’ என்று சொன்னால் அவனை மற்றவர்கள் வியப்போடு பார்ப்பார்கள். அவன் ‘ரூட்’ என்றே சொல்லுவான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழக்கம் தெரியாமல் தவறுவது பூரிஷ் ஆகாது. முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாதவர், வெளிநாட்டு விருந்தில் எந்தக் கோப்பையை எடுப்பது என்று தெரியாமல் திகைப்பவர் ஆகியோரை இச்சொல்லால் சுட்டினால், அது சுட்டப்பட்டவரைப் பற்றியதாக இல்லாமல் சுட்டியவரைப் பற்றிய செய்தியாகிவிடும். ஏனெனில் இச்சொல்லுக்குள் பழைய மேட்டிமைத்தனம் ஒன்று இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது.

சொற்பிறப்பு

பூர் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டச்சு அல்லது கீழ் ஜெர்மன் மொழி வழியாக ஆங்கிலத்தில் நிலைபெற்றது. டச்சு மொழியில் ‘பூர்’ என்றால் உழவன். ஜெர்மன் மொழியில் இதே சொல் ‘பௌவர்’ என்று வழங்குகிறது; சதுரங்கத்தில் நாம் சிப்பாய் என்று சொல்லும் காயை ஜெர்மானியர் இன்றும் பௌவர், அதாவது உழவன் என்றே அழைக்கின்றனர். பழைய ஆங்கிலத்திலும் இதற்கு உறவான சொல் உண்டு. நிலவுடைமையாளருக்குக் குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்து கொடுக்கக் கடமைப்பட்ட குடியானவரை அது குறித்தது.

இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் வேர், ‘குடியிருத்தல்’ என்னும் பொருளுடையது. ஓரிடத்தில் தங்கி, வீடு கட்டி, நிலத்தைத் திருத்தி வாழ்பவன் என்பதே பூர் என்பதன் முதல் பொருள். தமிழில் ‘குடி’ என்ற சொல்லிலிருந்து ‘குடியானவன்’ பிறந்ததோடு இதை ஒப்பிடலாம். ஆங்கிலத்தில் அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்ற சொல்லின் பின்பாதியும் இதே வேரில் வந்தது. ‘அருகில் குடியிருப்பவர்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆக, ஒரே வேரிலிருந்து ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்ற நல்ல சொல்லும் ‘பண்பில்லாதவர்’ என்ற வசைச் சொல்லும் தோன்றியுள்ளன.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் பூர் என்றால் நாட்டுப்புறத்தான் என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் சிறு விவசாயிகளைக் குறிக்கவே இச்சொல் வருகிறது. அவருடைய ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் அரசவைக் கோமாளியான டச்ஸ்டோன், வில்லியம் என்ற கிராமத்து இளைஞனை மிரட்டும் காட்சி ஒன்று உண்டு. தான் சொல்லும் ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் எளிய சொல் ஒன்றைக் கூறி, இது நாட்டுப்புறப் பேச்சில் இன்னது என்று அவன் விளக்குவான். அந்த நாட்டுப்புறப் பேச்சைக் குறிக்க ஷேக்ஸ்பியர் அங்கே கையாளும் சொற்களில் ஒன்று பூரிஷ். அந்தக் காட்சியில் வில்லியம் பணிவாகவே பதில் சொல்கிறான். இன்றைய பொருளில் பூரிஷாக நடந்துகொள்பவன் அரண்மனையிலிருந்து வந்த டச்ஸ்டோன்தான்.

உழவர் பெயர்கள் வசவான வரலாறு

இந்த மாற்றம் பூர் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் கிராமத்தாரையும் உடலுழைப்பாளரையும் குறித்த பல சொற்கள் இப்படியே சரிந்துள்ளன. பிரிட்டிஷ் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ என்ற நூலில் இந்தப் போக்கைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். சமூகத்தில் ஒருவர் இருக்கும் படிநிலையைக் குறித்த சொற்கள், நாளடைவில் அவருடைய குணத்தைக் குறிக்கும் சொற்களாகிவிடுகின்றன என்பது அவர் கருத்து. மேல்நிலையைக் குறித்தவை நற்குணமாகவும் கீழ்நிலையைக் குறித்தவை தீக்குணமாகவும் மாறும். ‘நோபிள்’, ‘ஜென்டில்’ ஆகியவை முதல் வகை. இரண்டாம் வகைக்கு, தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் எடுத்துக்காட்டாக இருக்கிறது: வில்லன்.

இலத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்த ஆளைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த குடியானவருக்கு அதுவே பெயர். பிறகு அது கீழ்மகன் என்றாகி, கயவன் என்றாகி, கதைகளில் வரும் கொடியவன் என்றானது. தமிழ்ப் படங்களிலோ நிலமும் அடியாட்களும் வைத்திருக்கும் பண்ணையார்தான் பல நேரங்களில் வில்லன். பண்ணையில் கட்டுண்டு உழைத்தவனின் பெயர், கடல் கடந்து வந்து பண்ணையாருக்கே சேர்ந்திருக்கிறது.

‘சர்ல்’ என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இது அடிமையல்லாத சாதாரணக் குடிமகனைக் குறித்தது. அதிலிருந்து வந்த ‘சர்லிஷ்’ இன்று சிடுசிடுப்பானவரை, இணக்கமில்லாதவரைக் குறிக்கிறது. இதே ஜெர்மானியச் சொல்லின் மற்றொரு வடிவம் கார்ல் என்ற ஆண்பெயர். அதுவே சார்லஸ் என்றும் ஆனது. 814இல் மறைந்த பேரரசர் சார்லமேனின் பெயரும் அதுதான். அவர் புகழ் காரணமாகப் போலிஷ், ரஷ்யன், ஹங்கேரியன் முதலிய மொழிகளில் ‘அரசன்’ என்பதற்கான சொல்லே அவர் பெயரிலிருந்து உருவாகிவிட்டது. ஒரே சொல் கிழக்கே போய் அரியணை ஏறியது. இங்கிலாந்தில் தங்கி வசவாயிற்று.

எதிர்ப்பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்தால் இந்தச் சாய்வு இன்னும் தெளிவாகும். மரியாதையைக் குறிக்கும் ‘சிவில்’ என்ற சொல் இலத்தீனில் குடிமகனைக் குறித்த சொல்லிலிருந்தும், ‘அர்பேன்’ நகரத்தைக் குறித்த சொல்லிலிருந்தும், ‘கர்ட்டியஸ்’ அரசவையைக் குறித்த சொல்லிலிருந்தும் வந்தவை. நயம் நகரத்திலும் அரண்மனையிலும் இருக்கிறது, முரட்டுத்தனம் வயலில் இருக்கிறது என்ற எண்ணம் அகராதிக்குள்ளேயே குடியேறிவிட்டது. டச்சு அறிஞர் எராஸ்மஸ், சிறுவர்களுக்கு நன்னடத்தை கற்பிக்க 1530இல் இலத்தீனில் ஒரு சிறுநூல் எழுதினார். மூக்கைத் தொப்பியிலோ உடையிலோ துடைப்பது நாட்டுப்புறத்தார் வழக்கம், முழங்கையில் துடைப்பது உப்புமீன் விற்பவர் வழக்கம் என்று அதில் பிரித்துச் சொல்கிறார். எது நல்ல பழக்கம் என்று கற்பிப்பதற்கு, யாரைப் போல் இருக்கக் கூடாது என்று காட்டுவது அக்காலத்தில் எளிய வழியாக இருந்தது. இந்நூல் ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பூர் என்ற சொல் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் அதற்குப் பண்பற்றவன் என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. பண்பாட்டைக் குறிக்கும் ‘கல்ச்சர்’ என்ற சொல்லே நிலத்தைப் பயிரிடுவதைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழிலும் நிலத்தைப் ‘பண்படுத்துதல்’ என்கிறோம். அந்த வேலையைச் செய்தவனுக்குத்தான் பண்பில்லை என்ற பெயர் வந்தது.

போயர்களும் இதே சொல்லும்

டச்சுச் சொல்லை ஆங்கிலம் இரண்டாம் முறையும் கடன் வாங்கியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் தென்னாப்பிரிக்காவின் முனையில் ஒரு நிலையத்தை அமைத்தது. அங்கே குடியேறி விவசாயம் செய்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் தங்களை உழவர் என்ற பொருளில் பூர் என்று அழைத்துக்கொண்டனர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அது சற்று வேறாக எழுதப்பட்டு, தமிழில் போயர் என்று ஆயிற்று. அவர்களைப் பொறுத்தவரை இது இழிவுப் பெயரன்று; பெருமையோடு சொல்லிக்கொண்ட பெயர். தமிழ்நாட்டில் உள்ள போயர் என்ற சமூகப் பெயருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1899 முதல் 1902 வரை பிரிட்டனுக்கும் இவர்களுக்கும் நடந்த போரே போயர் யுத்தம். நேட்டாலில் வாழ்ந்த இந்தியரைத் திரட்டி, காயமுற்றோரைச் சுமந்து செல்லும் படை ஒன்றைக் காந்தி அமைத்தது இந்தப் போரில்தான். சிறைபிடிக்கப்பட்ட போயர்களில் சுமார் 5,000 பேர் இலங்கையின் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டனர். திருச்சிராப்பள்ளியிலும் ஒரு முகாம் இருந்தது. ‘போயர்’ என்பதும் ‘பூர்’ என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பதை அறியாத மாணவர்கள் அகராதியில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துக் குழம்புவதுண்டு.

ஒத்த சொற்களோடு வேறுபாடு

‘ரூட்’ என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல். செப்பனிடப்படாத, கரடுமுரடான என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூரிஷ் எல்லாம் ரூட். ஆனால் ரூட் எல்லாம் பூரிஷ் ஆகாது. கேட்ட கேள்விக்கு வெடுக்கென்று பதில் சொல்லும் எழுத்தர் ரூட். வரிசையில் நிற்கும் பத்துப் பேரையும் தள்ளிவிட்டு முன்னால் போய்ச் சன்னலைத் தட்டுபவர் பூரிஷ்.

‘இன்சொலென்ட்’ என்பதற்குத் திமிர் என்ற தமிழ்ச்சொல் மிக நெருங்கி வரும். கீழ்நிலையில் இருப்பவர் மேல்நிலையில் இருப்பவரிடம் காட்டுவதாகவே அது பெரும்பாலும் ஆளப்படுகிறது. மாணவன் ஆசிரியரிடம் இன்சொலென்ட் ஆகலாம். ஆசிரியர் மாணவனிடம் பூரிஷ் ஆகலாம். ‘இம்பெர்டினென்ட்’ என்பதற்கு ‘அதிகப்பிரசங்கித்தனமான’ என்பதைவிட நல்ல மொழிபெயர்ப்புக் கிடைப்பது அரிது. ‘வல்கர்’ என்பது கொச்சையையும் ஆபாசத்தையும் சுட்டுவது. ‘லவுட்டிஷ்’ என்பது இளைஞர் கூட்டத்தின் காலித்தனத்துக்குப் பொருந்தும். ‘அன்கூத்’ என்றால் மெருகில்லாத. ‘அறியப்படாத’ என்பதுதான் அதன் பழம்பொருள். அயலூரான் என்ற அச்சமே அங்கு இகழ்ச்சியாக மாறியிருக்கிறது.

சர்லிஷ் மட்டும் ஆங்கிலத்தில் தனி வழக்கு ஒன்றைப் பெற்றுள்ளது. ஒருவர் அன்போடு தருவதை மறுப்பது சர்லிஷ் ஆகும் என்று சொல்லுவார்கள். காபி வேண்டாம் என்று நினைத்தாலும், போட்டுக்கொண்டு வந்துவிட்டார்களே, மறுத்தால் முகம் வாடும் என்று வாங்கிக் குடிக்கிறோம் அல்லவா, அந்த இடத்துச் சொல் அது. அங்கே பூரிஷ் பொருந்தாது.

செகாவின் நாடகம்

ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1888இல் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம் ஒன்றின் ரஷ்யத் தலைப்புக்குக் ‘கரடி’ என்று பொருள். ஆங்கிலத்தில் அது ‘தி பேர்’ என்றும் ‘தி பூர்’ என்றும் இரு தலைப்புகளில் வெளிவந்துள்ளது. கணவனை இழந்து ஏழு மாதமாகத் துக்கம் காக்கும் போப்போவா என்ற பெண்ணின் வீட்டுக்கு ஸ்மிர்னோவ் என்ற நிலக்கிழார் வருகிறான். அவள் கணவன் ஓட்ஸ் வாங்கிய வகையில் 1,200 ரூபிள் பாக்கி; மறுநாள் வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும், பணம் உடனே வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். இப்போது கையில் இல்லை, துக்கத்தில் இருக்கிறேன் என்று அவள் சொன்னாலும் வீட்டை விட்டு நகர மறுக்கிறான், கத்துகிறான், பெண்களைப் பற்றிப் பழித்துப் பேசுகிறான். வார்த்தை முற்றி, இருவரும் துப்பாக்கியால் சண்டையிடத் துணிகின்றனர். அவளுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது அவனுக்கு அவள்மேல் காதல் வந்துவிடுகிறது.

பூர் என்ற சொல்லின் இன்றைய பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதாபாத்திரம் வேறொன்று கிடைப்பது கடினம். ஸ்மிர்னோவ் ஏழை உழவன் அல்லன். நிலமுடையவன், படையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன். அவன் கேட்கும் பணமும் நியாயமாக அவனுக்குச் சேர வேண்டியதே. ஆனால் எதிரில் நிற்பவரின் துக்கம் அவன் கண்ணில் படவில்லை.

தமிழில் மொழிபெயர்க்கும்போது

பூரிஷ் என்பதற்குச் சிலர் ‘பட்டிக்காட்டுத்தனமான’ என்று எழுதுவதுண்டு. சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் மறைந்துபோன இகழ்ச்சியைத் தமிழில் புதிதாக உயிர்ப்பிப்பதாக அது அமையும். இன்று பூரிஷ் என்று எழுதும் ஆங்கிலேயர் எவரும் விவசாயியை நினைத்துக்கொண்டு எழுதுவதில்லை. பட்டிக்காட்டான் என்ற தமிழ்ச்சொல்லோ இன்னும் கிராமத்தாரை நேராகச் சுடும் சொல்லாகவே இருக்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த மாணவர் அந்தச் சொல்லைத் தன் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்துப் படிக்க வேண்டிய தேவை இல்லை. ‘காட்டான்’, ‘காட்டுமிராண்டி’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

தமிழும் இந்தச் சாய்விலிருந்து முழுதாகத் தப்பவில்லை. நாகரிகம் என்பதே நகரம் என்ற சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் நடித்து 1972இல் வெளிவந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தின் கதை முழுவதும் இந்தப் பிரிவினையின் மேல் கட்டப்பட்டது. ஆனால் உழுதொழிலின் பெயர் தமிழில் வசவாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வேளாண்மை என்ற சொல்லுக்குப் பயிர்த்தொழில் என்றும், பிறருக்குச் செய்யும் உதவி என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் இச்சொல் இரண்டாவது பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் விருந்தினரை மதிக்கத் தெரியாதவனுக்கு உழவனின் பெயர். தமிழில் விருந்தினரைப் பேணுவதற்கே உழவின் பெயர். நாகரிகம் என்ற சொல்லும் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில், உடை நடை ஒப்பனை எதையும் குறிக்காமல், பழகியவரிடம் காட்டும் இரக்கத்தையே குறிக்கிறது.

எனவே பெரும்பாலான இடங்களில் ‘இங்கிதம் தெரியாத’ என்பதே பூரிஷுக்கு நெருக்கமான தமிழ். இங்கிதம் என்பது வடமொழியில் உள்ளக்குறிப்பைக் காட்டும் அசைவையோ சாடையையோ குறிக்கும். எதிரில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்லாததை அவர் முகத்திலிருந்து உணர்ந்துகொள்வது இங்கிதம். அதை உணராதவர் பூர். உடல்வலிமையைக் காட்டும் நடத்தையானால் ‘முரட்டுத்தனமான’ என்றும், பேச்சைப் பற்றியதானால் ‘பண்பற்ற’ என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

உச்சரிப்பு

அமெரிக்கர் பொதுவாகப் ‘பூர்’ என்று உச்சரிக்கின்றனர். பிரிட்டனில் பலர் ‘போர்’ என்கின்றனர். அப்படிச் சொல்லும்போது, அலுப்பூட்டுபவரைக் குறிக்கும் ‘போர்’, ஆண்பன்றியைக் குறிக்கும் ‘போர்’ ஆகிய சொற்களோடு இது ஒலியில் ஒன்றாகிவிடுகிறது. தமிழ்ப் பேச்சில் வழங்கும் ‘போர் அடிக்கிறது’ என்பது அலுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் பூரிஷுக்கும் உறவில்லை. தேர்வில் எழுத்துக்கூட்டலைக் கவனித்தால் குழப்பம் வராது: பண்பற்றவருக்கு இரண்டு ‘ஓ’, அலுப்பூட்டுபவருக்கு ஒரு ‘ஓ’வும் இறுதியில் ஓர் ‘ஈ’யும், பன்றிக்கு ‘ஓ’வை அடுத்து ‘ஏ’.